நிற்கும் தொலைவு

தன்னிடமுள்ள ஒரு குறையை நன்கு அறிந்துகொண்டு, அதற்கேற்ப அடங்கி ஒழுகுவது அறமா? அன்றி, அக்குறையை நீக்கிவிடுவதுதான் அறமா? இவ்வினா எந்த மெய்யியல் நூலிலிருந்தும் எனக்குக் கிடைத்ததன்று. என் பழைய மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்திலிருந்து கிடைத்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் படிக்கும் ஒரு கட்டுரைத் தொகுப்பில் தலைமையாசிரியன் ஒருவன் பிரேக்கைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். பொறுத்துப் படித்துப் பார்க்குமாறு அவர்களை வேண்டிக்கொள்கின்றேன்.

பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து, செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்த தமிழ்ப்பள்ளியில் பணியேற்ற 1992ஆம் ஆண்டிலேயே அந்த வண்டியை மாதத் தவணையில் வாங்கினேன். இந்நாட்டு மக்கள் ‘கப்சாய்’ என்று செல்லமாக அழைக்கின்ற சிறு வண்டி அது. 1958இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியின் வழிவந்த குலம் என்று சொல்லலாம். அந்தச் சூப்பர் கப் மட்டுமே 2017ஆம் ஆண்டில் பத்துக் கோடி என்ற எண்ணிக்கையை எட்டியது. தோட்டத்துச் செம்மண் பாதையில் பால் வாளியையும், காய்கறி மூட்டையையும், காய்ச்சலில் துவண்ட குழந்தையையும் ஏற்றிச் சென்றது இந்தக் குலத்து வண்டிகளே. எனக்கு முதல் சம்பளத்தின் பெருமை அதில் இருந்தது. பின்னாளில் கார் வாங்கிய பிறகும், பள்ளிக்குச் செல்வதற்கு அதனையே விரும்பினேன்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் தந்தையார் கூறிய ஒரே அறிவுரை, “முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிடும்” என்பதாகும். அக்காலத்தில் தோட்டத்து மக்கள் அனைவரும் நம்பிய உண்மை அது. சரளைக் கற்கள் பரவிய பாதையில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு விழுந்து எழுந்தவர்களின் அனுபவம் அதற்குச் சான்றாகவும் இருந்தது. ஆனால் தார்ச்சாலையைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிடக் கெட்டது என்பதை நான் மிகப் பிந்தியே உணர்ந்தேன். ஓடும் வண்டியை நிறுத்த முயலும்போது அதன் எடை முன்னோக்கிச் சாய்கின்றது. முன் சக்கரம் தரையை இறுகப் பற்றுகின்றது. பின் சக்கரமோ இலேசாகிவிடுகின்றது. இலேசான சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் அது வழுக்குமேயன்றி வண்டியை நிறுத்தாது. ஆகவே நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் பிரேக்கினுடையதே. நாங்களோ பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவர்கள். தொடாத பிரேக்கு எப்படி இருந்தால் என்ன என்ற அலட்சியம் அந்தப் பழக்கத்திலிருந்தே முளைத்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு டிரம் பிரேக்கின் நிலையைச் சற்று விளக்க வேண்டும். சக்கரத்தின் நடுவிலுள்ள உருளைக்குள் பிறை வடிவில் இரண்டு ‘ஷூ’க்கள் இருக்கின்றன. கைப்பிடியை இழுத்தால் கம்பிக் கேபிள் ஒரு சிறு கையை இழுக்கின்றது. அந்தக் கை உள்ளேயிருக்கும் அச்சைத் திருப்புகின்றது. ஷூக்கள் விரிந்து உருளையின் உட்சுவரில் உராய்கின்றன. ஷூ தேயத் தேய, அந்தச் சிறு கை மேலும் மேலும் திரும்ப வேண்டியிருக்கின்றது. கேபிளுக்கும் கைக்கும் இடையிலுள்ள கோணம் செங்கோணத்தைத் தாண்டிவிட்டால், நாம் எவ்வளவு அழுத்தினாலும் அதன் வலு குறைந்துகொண்டே போகும். இதைக் காட்டுவதற்கென்றே வெளிப்புறத்தில் ஓர் அம்புக்குறி பொருத்தியிருப்பார்கள். என் வண்டியில் அந்த அம்பு எல்லைக்குறியைத் தாண்டியிருந்தது. முடுக்கும் மரை கேபிளின் முனைக்கு வந்துவிட்டிருந்தது. கேபிளும் நீண்டு, உறைக்குள்ளே துருவேறிக் கிடந்தது.

இதை நான் அறியாமல் இல்லை என்பதே இக்கட்டுரைக்குக் காரணம். என்னிடம் படித்து, இப்போது பட்டணத்தில் பட்டறை வைத்திருக்கும் மாணவர் ஒருவர், 2016ஆம் ஆண்டு ஜூலை மாதம் எண்ணெய் மாற்றச் சென்றபோது என்னிடம் சொன்னார்: “சார், முன்னால பிரேக் இல்லவே இல்ல. வண்டியை விட்டுட்டுப் போங்க, நாளைக்குத் தரேன்.” நான் சிரித்துக்கொண்டே, “தம்பி, இந்த வண்டிய எனக்கு இருபத்து நாலு வருஷமாத் தெரியும். நான் மெதுவாத்தானே போறேன்” என்று விடை கூறினேன். அவ்விடையை நான் மிகச் சிறந்த விடை என்றே நம்பினேன். அடக்கம், அனுபவம், சிக்கனம் ஆகிய மூன்று நற்குணங்களும் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

நவம்பர் மாதத் தொடக்கத்தில், விடியற்காலை முதல் பெய்த மழை சற்றே ஓய்ந்திருந்த வேளையில் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தேன். தோட்டத்துப் பள்ளப் பாதையில் தேங்கிய நீரைக் கடந்தபோது முன் சக்கரத்தின் நடுப்பகுதி வரையில் நனைந்துவிட்டது. டிரம்முக்குள் நீர் புகுந்தால், ஷூவுக்கும் உருளைக்கும் இடையில் மெல்லிய நீர்ப்படலம் நின்று உராய்வைக் கெடுத்துவிடும். அதை உலர்த்த, சற்றுத் தூரம் பிரேக்கை மெல்ல அழுத்தியவாறே ஓட்டவேண்டும். முன் பிரேக்கைத் தொட்டறியாத நான் அதைச் செய்யவில்லை. பள்ளி வாயிலுக்கு அருகில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், எதிர்ப்புறத்தில் நின்ற தன் அக்காவை நோக்கிச் சாலையின் குறுக்கே ஓடினான்.

அன்று நான் சென்ற வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் இராது. கண்டவர்கள் அனைவரும் அதற்குச் சான்று பகர்ந்தார்கள். ஆனால் 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். கண் கண்டு, மனம் உணர்ந்து, கை செயற்படுவதற்கு ஒரு நொடி. அதற்குள் 7 மீட்டர் போய்விட்டது. பையனுக்கும் எனக்கும் இடையில் எஞ்சியது ஐந்தாறு மீட்டர். நல்ல பிரேக்குள்ள வண்டி ஈரச் சாலையிலும் அந்தத் தொலைவுக்குள் நின்றிருக்கக்கூடும். என் வண்டிக்கு அதைப்போல் இரு மடங்கு தேவைப்பட்டது. மிதிவண்டி மோதும் வேகத்தில்தான் மோதினேன். பையன் புத்தகப்பையோடு விழுந்தான். இடது முன்கை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தான். அந்தக் கட்டின்மேல் வகுப்புத் தோழர்கள் தத்தம் பெயரை எழுதியிருந்தார்கள். என்னையும் எழுதச் சொன்னான். எழுதினேன்.

அவனுடைய தந்தையார் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் கையைப் பற்றிக்கொண்டு, “நீங்க மெதுவாத்தான் வந்தீங்க சார். எல்லாரும் சொன்னாங்க. இவன்தான் பார்க்காம ஓடிட்டான்” என்றார். மாணவனைக் காயப்படுத்திய ஆசிரியனுக்கு ஆறுதல் கூறியவர் அவர். நான் தலையை அசைத்தேன். என் பிரேக்கைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மெதுவாக வந்தேன் என்பது உண்மை. அந்த உண்மையின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

இனி, வினாவுக்கு வருவோம். குறையை அறிந்து அடங்கி ஒழுகுதல் என்பதை நம் முன்னோர் உயர்ந்த பண்பாகவே போற்றினர். திருக்குறளில் அடக்கமுடைமைக்கென ஓர் அதிகாரமே உண்டு. நான் மெதுவாகச் சென்றதும் ஒரு வகையில் அடக்கமே. பின் அதில் எங்கே பிழை நேர்ந்தது? நெடுநாள் எண்ணிய பிறகு எனக்குப் புலப்பட்டது இதுதான்: என் குறைக்கும் என் அடக்கத்துக்கும் இடையிலான உடன்படிக்கை எனக்கும் என் வண்டிக்கும் இடையில் மட்டுமே செய்துகொள்ளப்பட்டது. சாலையைக் கடந்த பையன் அதில் கையொப்பமிடவில்லை. அவன் சாலையைக் கடக்கும்போது, வரும் வண்டி நிற்கும் என்று எண்ணியே கடந்தான். அல்லது ஏழு வயதுக்குரிய முறையில் ஒன்றுமே எண்ணாமல் கடந்தான். இரண்டுக்கும் அவனுக்கு உரிமை உண்டு. என் வண்டி நிற்காது என்பதை அறிந்திருந்தவன் உலகத்தில் நான் ஒருவனே. அந்த அறிவினால் எனக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது. அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், நான் வண்டிக்கு நல்ல பிரேக்குப் பொருத்தப் போவதாகச் சொன்னபோது கடுமையாக மறுத்தார். அவருடைய மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. “பிரேக்கு நன்றாக இருந்தால் வேகமும் கூடும். அச்சமே மனிதனுக்கு இயற்கை கொடுத்த பிரேக்கு. அதைக் கழற்றிவிட்டு இரும்பைப் பொருத்துகின்றாய்” என்றார் அவர். இக்கருத்துக்கு ஆய்வுலகிலும் ஆதரவு உண்டு. 1975இல் சாம் பெல்ட்ஸ்மன் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர், கார்களில் பாதுகாப்புக் கருவிகள் கட்டாயமாக்கப்பட்டபோது ஓட்டுநர்கள் துணிச்சல் மிகுந்து ஓட்டி அந்த நன்மையை ஈடுகட்டிவிட்டனர் என்று வாதிட்டார். 1980களில் ஜெர்மனியின் மூனிச் நகர டாக்சிகளில் நடத்தப்பெற்ற ஆய்வும் இவ்வகையினதே. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்குள்ள டாக்சிகளை ஓட்டியவர்கள் வளைவுகளில் விரைந்து திரும்பினர், முன்வண்டியை நெருங்கிச் சென்றனர். விபத்துகளும் எதிர்பார்த்தபடி குறையவில்லை.

ஆயினும் இம்முடிவுகளை ஆய்வாளர் அனைவரும் ஒப்பினர் அல்லர். மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை, ஏபிஎஸ் பொருத்திய வண்டிகளில் உயிர்ச்சேதம் குறைந்திருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. நம் நாட்டுச் சாலைகளில் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே. ஆனால், ஆய்வுகளை ஒருபுறம் வைத்துவிட்டு என் நண்பரின் வாதத்தை அறநெறியின் பக்கமிருந்து நோக்குமாறு உங்களை அழைக்கின்றேன். அச்சம் என்னும் பிரேக்கு ஓட்டுபவனை மட்டுமே கட்டுப்படுத்துகின்றது. அதுவும் அவனுக்கு நினைவிருக்கும் பொழுதில் மட்டுமே. இருபத்து நான்கு ஆண்டுப் பழக்கத்தில் என் அச்சம் எப்போதோ தேய்ந்து, எல்லைக்குறியைத் தாண்டிவிட்டிருந்தது. அந்தத் தேய்மானத்தைக் காட்டும் அம்புக்குறி எதுவும் என் நெஞ்சில் இல்லை. மேலும், குறையை வைத்துக்கொண்டே அச்சத்தைப் பயிர் செய்வோம் என்று சொல்பவர், அந்தக் குறையின் விலையைப் பிறர் செலுத்துவதற்கு ஒப்புதல் தருபவர் ஆகிறார்.

பள்ளியை நடத்துபவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த செய்திதான். எங்கள் பழைய கட்டடத்தின் மாடிப்படியில் ஒரு படி உடைந்திருந்தது. ‘கவனமாக இறங்கவும்’ என்று அழகிய எழுத்தில் ஓர் அட்டை எழுதி மாட்டினோம். ஓராண்டு கழித்து அந்த அட்டை மங்கியபோது, புதிய அட்டை எழுதப் பணித்தேன். படியைச் சீர்செய்யச் சிமெண்டு ஒரு மூட்டை போதும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இதைவிட எனக்கு நெருக்கமான இன்னொன்றும் உண்டு. இளம் வயதில் நான் சினம் மிக்க ஆசிரியன். ‘சார் கோவக்காரர், பார்த்து நடந்துக்கோ’ என்று மூத்த மாணவர்கள் புதிய மாணவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதைக் கேட்டு நான் உள்ளூர மகிழ்ந்தும் இருக்கின்றேன். என் குறையை நான் அறிவேன், மாணவரும் அறிவர், எல்லாரும் அதற்கேற்ப நடந்துகொள்கின்றனர், ஆகவே பள்ளி ஒழுங்காக இருக்கின்றது என்று எண்ணினேன். ஏழு வயதுக் குழந்தைகள் என் கோபத்தின் கோணத்தை அளந்து அளந்து நடக்கவேண்டியிருந்ததை ஒழுங்கு என்று பெயரிட்டு அழைத்தேன். படிக்கட்டையும் பிரேக்கையும் பட்டறையில் சரிசெய்யலாம். அதற்கு எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. முற்றும் சரியாகிவிட்டதாகவும் சொல்வதற்கில்லை.

இனி வண்டியின் கதை. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது மாணவர் நேராக டிஸ்க் பிரேக்கைப் பற்றிப் பேசினார். சக்கரத்தோடு சுழலும் ஓர் எஃகுத் தட்டை இரு பக்கமிருந்தும் பட்டைகள் கவ்விப் பிடிப்பதே டிஸ்க். இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1953இல் லெமான் கார்ப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்கோடு ஓடிய ஜாகுவார் வென்ற பிறகே உலகம் அதன் அருமையை உணர்ந்தது. 1969இல் ஹோண்டா நிறுவனத்தின் சிபி 750 அதனைப் பெருமளவில் மோட்டார் சைக்கிள் உலகுக்குக் கொண்டுவந்தது. டிரம் சூடேறினால் அதன் உருளை விரிந்து ஷூவை விட்டு விலகுகின்றது. டிஸ்க்கோ காற்றில் திறந்திருப்பதால் விரைவில் ஆறுகின்றது. நனைந்தாலும் சுழற்சி நீரை வீசியெறிந்துவிடும்.

நான் உடனே ஒப்பவில்லை. முதலில் இருப்பதைச் சரிசெய்வோம், அப்புறம் மாற்றுவதைப் பற்றி எண்ணுவோம் என்றேன். வண்டியின் பழைமை கெட்டுவிடுமே என்ற பற்றும் அதில் இருந்தது. உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் அது அதே வண்டிதானா என்று மெய்யியலார் கேட்பதுண்டு. அந்த வினாவில் எனக்கு இப்போது அவ்வளவு ஆர்வம் இல்லை. பையனின் கையெலும்பு பழையதா புதியதா என்று எவரும் கேட்கவில்லை.

புதிய ஷூக்கள், புதிய கேபிள், உருளையின் உட்சுவரைத் துலக்குதல், துருவேறிய அச்சுக்குக் கொழுப்பிடுதல் ஆகியவற்றோடு வேலை முடிந்தது. சக்கரத்தை மாட்டி நடு அச்சின் மரையை முடுக்கும்போது, பிரேக் கைப்பிடியை இறுக அழுத்திப் பிடிக்கும்படி மாணவர் என்னைப் பணித்தார். அப்போதுதான் இரு ஷூக்களும் உருளையின் நடுவில் சமமாக அமருமாம். ஆசிரியனாக இருந்து அவருக்கு நான் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுத்த காலம் நினைவுக்கு வந்தது. அன்றும் அவர் சரியான இடத்தில் அழுத்துபவர்தான்.

விடுமுறை நாள் ஒன்றில் பள்ளி வளாகத்துத் தார்ப்பாதையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, விளையாட்டுப் போட்டிக்குப் பயன்படும் அளவு நாடாவைக் கொண்டு அளந்தோம். பட்டறைக்குப் போகும் முன்னரே ஒருமுறை இவ்வாறு அளந்து குறித்து வைத்திருந்தேன். உலர்ந்த பாதையில், மணிக்கு 40 கிலோமீட்டரில், இரு பிரேக்குகளையும் அழுத்தியபோது வண்டி நிற்க 19 மீட்டர் எடுத்தது. பழுது பார்த்த பின் 13 மீட்டர். ஆறு மீட்டர்! நான் அந்த எண்ணை நெடுநேரம் நோக்கினேன். ‘பழைய வண்டி, அதன் இயல்பு அப்படித்தான்’ என்று இத்தனை ஆண்டுகளாக நான் முதுமையின்மேல் சுமத்தியது, உண்மையில் என் புறக்கணிப்பு. புதிய வண்டியாக இருந்தபோது அது இந்தத் தொலைவுக்குள்ளேயே நின்றிருக்க வேண்டும்.

இந்த எண் கையிலிருந்ததால் எனக்குத் துணிவு பிறந்தது என்று சொன்னால் அது பெருமையாகாது. சரிசெய்த பிறகு உண்மையைச் சொல்வது எளிது. எப்படியோ, விபத்து நிகழ்ந்து எட்டு மாதம் கழித்து, ஒரு மாலைப் பொழுதில் அந்த லோரி ஓட்டுநரின் வீட்டுக்குச் சென்றேன். அம்புக்குறியைப் பற்றியும், ஜூலை மாதம் பட்டறையில் நான் சொன்ன விடையைப் பற்றியும் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அவருடைய மனைவியார் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு உள்ளே சென்றுவிட்டார். பின்னர் அவர் கேட்டது ஒன்றே: “இப்பச் சரி பண்ணிட்டீங்களா சார்?” பண்ணிவிட்டேன் என்று சொல்லி, பதின்மூன்று மீட்டர்க் கணக்கையும் சொன்னேன். பத்து டன் குலையோடு மலைச்சரிவில் இறங்குபவருக்குப் பிரேக்கைப் பற்றி நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. “அது வெயில்ல சார். மழையிலயும் நிக்குமா?” என்றார்.

எதுவரை சரிசெய்தால் போதும் என்ற வினா அதுவரை என்னைக் குழப்பிக்கொண்டிருந்தது. ஒன்றைச் சீர்செய்தால் அடுத்த குறை தலைகாட்டும் என்பது பட்டறைக்காரர் அனைவரும் அறிந்தது. முன் பிரேக்கை வலுவாக்கினால், மெல்லிய முன் ‘ஃபோர்க்’ முறுக்கிக்கொள்ளும். ஃபோர்க்கை மாற்றினால் டயர் வலுவற்றதாகத் தோன்றும். பிரேக்கு நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. வண்டியை நிறுத்துவது, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளங்கையளவு ரப்பர். அந்த ரப்பருக்கு ஆற்றாத பிரேக்கைப் பொருத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு, என் தந்தையார் அஞ்சியது மெய்யாகவே நேரும். அறிவுடைமை அதிகாரத்தில் மனத்தைச் சென்றவிடத்தில் செல்லவிடாது நிறுத்துவதைக் கூறும் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், குதிரையை நிலமறிந்து செலுத்தும் வாதுவனை உவமை காட்டுகிறார். அங்கே ‘நிலமறிந்து’ என்ற சொல்லை நான் வகுப்பில் பலமுறை கடந்து சென்றிருக்கின்றேன்; நின்று நோக்கியதில்லை. வலிமை மட்டும் போதாது, எந்த நிலத்தின்மேல் என்பதையும் அறிய வேண்டும். ஆயினும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வண்டிக்காரனின் பக்கத்திலிருந்து செய்யப்படுவது. எதுவரை போதும் என்பதை முடிவு செய்ய வேண்டியவன் வண்டிக்கு முன்னால் நிற்பவன். அவன் சார்பில் அவனுடைய தந்தை கேட்டுவிட்டார்.

மழையில் நனைத்து டிரம்மைச் சோதித்தேன். பள்ளித் தோட்டத்து நீர்க்குழாயைச் சக்கரத்தின் நடுவில் சில நிமிடம் பாய்ச்சிவிட்டு ஓட்டியபோது, முதல் நிறுத்தத்தில் பிரேக்கு வழுவழுவென்று நழுவியது. இரண்டாவதில் திடீரெனக் கவ்வியது. இரண்டுமே அச்சந்தருவன. விரைந்து பத்து முறை நிறுத்திப் பார்த்தபோது, சூட்டினால் 13 மீட்டர் 16 ஆயிற்று. அந்த ஆண்டின் பிற்பகுதியில் என் தங்கை மகன் தொழிற்கல்லூரிக்குச் செல்ல அந்த வண்டியைக் கேட்டான். கூட்டரசுச் சாலையில் லோரிகளுக்கிடையில் போகப் போகின்றவன். ‘மெதுவாகப் போ’ என்ற என் அறிவுரையோடு பிரேக்கையும் அவனிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

மாணவர், அதே குலத்துப் பிற்கால வண்டி ஒன்றின் ஃபோர்க்கு, சக்கரம், டிஸ்க், கைப்பிடியிலுள்ள எண்ணெய்ப் பம்பு ஆகியவற்றை ஒரே வண்டியிலிருந்து எடுத்த தொகுதியாகத் தேடிப்பிடித்தார். ஆங்காங்கே கிடைத்ததை ஒட்டுப்போடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பம்பின் பிஸ்டனும் சக்கரத்தின் பிஸ்டனும் அளவில் பொருந்த வேண்டும். மேலுள்ளது மிகப் பெரிதானால் கைப்பிடி கல்லைப்போல் இறுகி வலுவிழக்கும், மிகச் சிறிதானால் பஞ்சுபோல் கைப்பிடி வரை இறங்கிவிடும். பாஸ்கலின் விதியை ஆறாம் ஆண்டு மாணவனுக்கு விளக்க இதைவிட நல்ல கருவி இல்லை. சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளைக் கேட்டறிந்த பின்னரே வேலையைத் தொடங்கச் சொன்னேன். செலவு சில நூறு ரிங்கிட். புதிய டயரும் போட்டோம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்று தங்கை மகனின் குறிப்பேட்டில் தேதியோடு எழுதிக் கொடுத்தேன். குறிப்பேட்டில் எழுதுவது படியில் அட்டை மாட்டுவதைப் போன்றதுதானே என்ற ஐயம் எழுந்தபடியால், என் நாட்காட்டியிலும் குறித்துக்கொண்டேன்.

உலர்ந்த பாதையில் புதிய பிரேக்கு 11 மீட்டருக்குள் நிறுத்தியது. பழைய டிரம்மைச் சீர்செய்ததில் கிடைத்த ஆறு மீட்டரோடு ஒப்பிட, இது இரண்டு மீட்டர்தான். பத்து முறை நிறுத்தியும் அந்த எண் மாறவில்லை என்பதில்தான் அதன் சிறப்பு. ஆனால் எங்களுக்கு வேண்டியிருந்தது மழை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் மழை வந்தது. சொல்லி அனுப்பினேன். லோரி ஓட்டுநர் குடையின்றி, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார்; மகனையும் அழைத்து வந்திருந்தார். சுண்ணக்கோடு நிற்காது என்பதால் தொடக்க இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தோம். பையனைப் பள்ளித் தாழ்வாரத்தில் நிற்கச் சொன்னேன். மூன்று முறை ஓட்டி மூன்று முறை நிறுத்தினேன். மூன்றாம் முறை அளவு நாடாவின் ஒரு முனையைச் செங்கல்லின்மேல் என் மாணவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நனைந்த சக்கரத்தருகே குனிந்து பிடித்தவர் அந்தத் தந்தை. எண்ணைப் படித்துவிட்டு, தாழ்வாரத்தை நோக்கி உரக்கச் சொன்னார்:

“பதிமூணு புள்ளி ரெண்டு. எழுதிக்கடா.”